ரூபிக் கியூப்: ஒருமுறை செத்துப்போன மோகம் எப்படித் திரும்பி வந்தது?

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். தொடக்கநிலை நான்கில் படிக்கும் உங்கள் மகன் கொஞ்ச நாளாக ரூபிக் கியூபும் கையுமாகவே இருக்கிறான், சாப்பாட்டு மேசையிலும் எம்ஆர்டி ரயிலிலும் அதைத் திருகிக்கொண்டே வருகிறான். உங்கள் மாமனார், இது எண்பத்தொன்றிலேயே வந்து போன பைத்தியம், இவனும் சீக்கிரம் தூக்கிப் போட்டுவிடுவான் என்கிறார். போதாக்குறைக்கு, இதை ஹங்கேரிக்காரர் கண்டுபிடிக்கவே இல்லை, ஒரு ஜப்பானியரின் யோசனையைத் திருடிவிட்டார் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. யார் சொல்வது சரி, ஐம்பது வருடமாக இது எப்படி விற்கிறது, கணக்குப் பாடத்துக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் படுவது, இத்தனைக்கும் அடியில் உங்கள் கவலை ஒன்றுதான்: ஒருமுறை மவுசு போன பொம்மையில் பையன் இவ்வளவு நேரம் போடுகிறானே, இதில் ஏதாவது சரக்கு இருக்கிறதா?

இங்கே சிங்கப்பூரில், ஜூரோங் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் அச்சு வார்ப்புத் தொழிலில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். அப்புறம் சனிக்கிழமைகளில் எங்கள் வட்டாரத்துச் சமூக மன்றத்தில் பிள்ளைகளுக்கு கியூப் சொல்லித் தருகிறேன். அதனால் அதன் உள்ளே என்ன இருக்கிறது, அது எப்படித் தேயும், எங்கே சிக்கும் என்பதை நான் அடித்துச் சொல்வேன். வரலாற்றில் பதிவாகியிருக்கும் தேதிகளையும் தைரியமாகச் சொல்வேன். பிள்ளைகளின் மூளைக்கு இது என்ன செய்கிறது என்பது என் துறை இல்லை, அந்த இடம் வரும்போது அப்படியே சொல்லிவிடுகிறேன்.

கண்டுபிடித்தவர் எர்னோ ரூபிக். 1944-ல் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். அப்பா, அதே பெயர் கொண்ட எர்னோ ரூபிக், கிளைடர் விமானங்களை வடிவமைத்த பொறியாளர், அம்மா கவிஞர். மகன் கட்டடக்கலை படித்துவிட்டு புடாபெஸ்ட்டில் பயன்பாட்டுக் கலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். 1974 வசந்த காலத்தில், முப்பது வயதுகூட ஆகாத நிலையில், முதல் மாதிரியை மரத்தில் செய்தார். மாணவர்களுக்கு முப்பரிமாணம் புரிய வைக்கப் பாடக்கருவியாகச் செய்தார் என்று நிறைய இடத்தில் படித்திருப்பீர்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். அவருடைய மண்டையைக் குடைந்தது ஒரு கட்டமைப்புச் சிக்கல்: சின்னச் சின்னத் துண்டுகளால் ஆன ஒரு கனசதுரம், துண்டுகள் தனித்தனியாக இடம் மாற வேண்டும், ஆனால் முழுசும் கழன்று விழக் கூடாது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிப் பார்த்தார், அறுந்துபோனது. இதில் ஒரு விளையாட்டு ஒளிந்திருக்கிறது என்பது அவருக்கே பிற்பாடுதான் தெரிந்தது. ஆறு பக்கத்துக்கும் ஆறு நிறம் ஒட்டி நாலு தடவை திருப்பினார், நிறங்கள் கலைந்தன, பழையபடி கொண்டுவரப் பார்த்தால் வரவில்லை. சொல்லித்தர உலகத்தில் இன்னொரு ஆள் கிடையாது. ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்துதான் சேர்த்தார். உங்கள் மகனுக்கு யூடியூப் இருக்கிறது, இவருக்கு இது சேருமா சேராதா என்ற உத்தரவாதம்கூடக் கிடையாது.

என்னைக் கேட்டால் கண்டுபிடிப்பு என்பது வெளியே தெரியும் நிறக் கட்டங்களில் இல்லை, உள்ளேதான் இருக்கிறது. மகன் தூங்கினதும் அவன் கியூபை எடுத்துப் பாருங்கள் (அவன் சம்மதித்தால் பகலிலேயே செய்யலாம்). மேல் அடுக்கைப் பாதித் திருப்பில், 45 பாகையில், நிறுத்திவிட்டு, ஓரத்தில் இருக்கும் ஒரு துண்டைக் கட்டைவிரலால் மெதுவாக நெம்பினால் டக்கென்று வெளியே வரும். அதற்கு உள்பக்கம் ஒரு சின்னக் கால் இருக்கும். மூலைத் துண்டை எடுத்தால் அதற்கும் ஒரு கால். எல்லாவற்றையும் எடுத்தபின் நடுவில் மிஞ்சுவது ஆறு கை நீட்டிய ஒரு அச்சு, ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு நடுத்துண்டு, திருகும் ஸ்பிரிங்கும் போட்டு மாட்டியது. நடுத்துண்டுகள் நின்ற இடத்திலேயே சுழலுமே தவிர இடம் மாறாது, அதனால்தான் வெள்ளைக்கு எதிரே எப்போதும் மஞ்சள். நடுத்துண்டு ஓரத் துண்டின் காலைப் பிடிக்கிறது, ஓரத் துண்டுகள் மூலையின் காலைப் பிடிக்கின்றன. மூலைத் துண்டை நேரடியாக எதுவும் கட்டிப்போடவில்லை, பக்கத்தில் இருப்பவர்கள் பிடித்திருப்பதால் அது நிற்கிறது, தேக்காவில் தீபாவளிக் கூட்டத்தில் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள் விழாமல் நிற்பது மாதிரி. பிடிக்கிற ஆட்கள் ஒவ்வொரு திருப்பிலும் மாறுகிறார்கள், பிடி மட்டும் மாறுவதில்லை. நடுத்துண்டு ஆறு, ஓரம் பன்னிரண்டு, மூலை எட்டு, ஆக 26 துண்டு வெளியே தெரியும். 27-ஆவதாக நடுவில் ஒரு கட்டை இருக்க வேண்டிய இடத்தில் இந்த அச்சு உட்கார்ந்திருக்கிறது. அச்சுத் தொழிலில் எத்தனையோ பொருளைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு குறைந்த வகைத் துண்டுகளை வைத்து இவ்வளவு வேலை வாங்குகிற வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த வாட்ஸ்அப் செய்திக்கு வருவோம். ரூபிக் 1975 ஜனவரி 30 அன்று ஹங்கேரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். டெருடோஷி இஷிகே என்ற ஜப்பானியர், தோக்கியோ பக்கம் இரும்புப் பட்டறை வைத்திருந்தவர், ஏறக்குறைய இதே அமைப்புக்கு 1976-ல் விண்ணப்பித்து, ஜப்பானில் காப்புரிமையும் பெற்றார். தேதியைப் பார்த்தாலே திருட்டு என்ற பேச்சு நிற்காது, ரூபிக் ஒரு வருடம் முந்தி. இஷிகேயும் திருடவில்லை, ஹங்கேரியில் நடந்தது தெரியாமல் தானாகவே யோசித்தார் என்றுதான் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. அந்தக் காலத்து ஜப்பானியச் சட்டம் உள்நாட்டில் வெளிவராத தொழில்நுட்பம் என்றால் காப்புரிமை கொடுத்துவிடும், உலகம் முழுக்கப் புதிதாக இருக்க வேண்டும் என்று கேட்காது. உண்மையில் முந்தியவர்கள் வேறு இரண்டு பேர். அமெரிக்காவில் லாரி நிக்கல்ஸ் என்ற வேதியியலாளர், காந்தங்களால் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டுக்கு இரண்டு (பக்கத்துக்கு நாலு கட்டம்) கனசதுரம் ஒன்றுக்கு 1972-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் ஃபிராங்க் ஃபாக்ஸ் என்பவர் 1970-லேயே உருண்டை வடிவத்தில் மூன்றுக்கு மூன்று புதிர் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தார். நிக்கல்ஸின் உரிமையை வைத்திருந்த நிறுவனம் பின்னால் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. முதலில் ஜெயித்தது, 1986-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு இரண்டு சின்ன கியூப் அவருடைய உரிமையை மீறுகிறது, மூன்றுக்கு மூன்று மீறவில்லை என்று பிரித்துச் சொன்னது. ஆக, திருகிச் சேர்க்கும் கனசதுரம் என்ற எண்ணம் ஒரே காலத்தில் பல பேருக்கு வந்திருக்கிறது, இன்றைக்கு நம் கையில் இருக்கும் கியூபின் அமைப்பை முதலில் செய்து பதிந்தவர் ரூபிக். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அவர் அப்போது பதிந்தது ஹங்கேரியில் மட்டும். வெளிநாட்டிலும் அதே உரிமை வேண்டும் என்றால் ஒரு வருடத்துக்குள் அங்கேயும் விண்ணப்பித்திருக்க வேண்டும், அது நடக்கவில்லை, கெடு தாண்டியதும் கதவு சாத்திக்கொண்டது. கியூபின் பின்கதையில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்புகிறது, ஆனால் பிறந்தநாள் வாழ்த்து மாதிரி எழுதப்படும் கட்டுரைகளில் இதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

1977 கடைசியில் புடாபெஸ்ட் பொம்மைக் கடைகளில் 'மாயக் கனசதுரம்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கம்யூனிச நாடு, மேற்கே சரக்கு அனுப்புவது சுலபமில்லை. பொம்மை வியாபாரிகளுக்கு முன்னால் கணிதக்காரர்கள்தான் இதைப் பையில் போட்டு எடுத்துப் போனார்கள். 1978-ல் ஹெல்சின்கியில் நடந்த உலகக் கணித மாநாட்டில் இது கைமாறியது. லண்டனில் டேவிட் சிங்மாஸ்டர் என்ற கணிதப் பேராசிரியர் ஒவ்வொரு திருப்புக்கும் ஓர் எழுத்து வைத்து எழுதும் முறையை உண்டாக்கினார், உங்கள் மகன் நோட்டில் எழுதி வைத்திருக்கும் அந்தப் புரியாத எழுத்துக்கள் அவர் வழி வந்தவைதான். 1979-ல் வியன்னாவில் வசித்த திபோர் லாட்சி என்ற ஹங்கேரிய வியாபாரி இதை ஜெர்மனியின் நியூரம்பெர்க் பொம்மைச் சந்தைக்குக் கொண்டுபோனார். அங்கே டாம் கிரெமர் என்ற பிரிட்டிஷ் பொம்மை நிபுணர் கண்ணில் பட்டது, அவர் மூலம் அமெரிக்காவின் ஐடியல் டாய் நிறுவனம் அதே வருடம் செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டது. காப்புரிமை இல்லாத பொருளை எப்படிக் காப்பது? பதிவு செய்யக்கூடிய ஒரு பெயர் வேண்டும், 'மாயம்' என்ற பொதுச் சொல் அதற்கு உதவாது. ஒன்றிரண்டு பெயர்களைப் பரிசீலித்துவிட்டுக் கடைசியில் கண்டுபிடித்தவர் பெயரையே வைத்தார்கள். ஆக அந்த மனிதர் பெயர் பெட்டியில் ஏறியது மரியாதைக்காக மட்டும் இல்லை, சட்டத்தில் விழுந்த ஓட்டையை அடைக்கவும்தான்.

1980-ல் வெளிவந்து, 81-ல் உலகமே திருகியது. இங்கிலாந்தில் ஒரு பள்ளிச் சிறுவன் எழுதிய தீர்வுப் புத்தகம் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. 1982 ஜூன் 5 அன்று புடாபெஸ்ட்டில் முதல் உலகப் போட்டி, லாஸ் ஏஞ்சலிஸில் படித்துக்கொண்டிருந்த வியட்நாமிய வம்சாவளி மாணவர் மின் தாய் 22.95 விநாடியில் ஜெயித்தார். அதே வருடம் அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் இந்த மோகம் செத்துவிட்டது என்று எழுதியது. ஐந்தே மாதம்! உங்கள் மாமனார் சொல்வது இதைத்தான், அவர் சொல்வது அப்பட்டமான உண்மை. நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன். ஒரு பள்ளி விடுமுறைக்கு முன்னால் வகுப்பில் பாதிப்பேர் மேசைக்குள் கியூப், விடுமுறை முடிந்து வந்தால் ஒருத்தன் கையிலும் இல்லை.

ஏன் செத்தது என்பதற்கு யாரும் தீர்ப்பு எழுதி வைக்கவில்லை, நான் சொல்வது தொழில்காரனின் கணிப்பு. முதல் காரணம் போலி. வெளிநாட்டில் காப்புரிமை இல்லாததால் தாய்வானிலும் ஹாங்காங்கிலும் யார் வேண்டுமானாலும் அடித்தார்கள், கடைகள் தேவைக்கு மேல் வாங்கிக் குவித்தன, விலை விழுந்தது. இரண்டாவது காரணம் அதைவிடப் பெரிது: சேர்த்த பிறகு என்ன செய்வது? பெரும்பாலோரால் சேர்க்கவே முடியவில்லை, அலமாரிக்குப் போனது. சேர்க்கத் தெரிந்தவன் பத்து பேரிடம் காட்டினான், அப்புறம் அவனுக்கும் வேலை முடிந்தது. அன்றைய கியூபும் வேகத்துக்கு லாயக்கில்லை. உள்முனைகள் கூராக இருக்கும், ஓர் அடுக்கு கொஞ்சம் கோணலாக நின்றால் அடுத்தது திரும்பாமல் கல் மாதிரி நிற்கும், அவசரப்பட்டு அழுத்தினால் துண்டுகள் தரையில் சிதறும்.

இந்த நேரத்தில் எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கியூப் நிலைத்ததற்கு எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் அதுதான். கலைக்கக்கூடிய நிலைகள் 43,252,003,274,489,856,000. நம் வழக்கில் சொன்னால் 4 லட்சத்து 32 ஆயிரம் கோடி கோடிக்கும் மேலே. விநாடிக்கு ஒன்று பார்த்தால் பிரபஞ்சத்தின் வயதைப் போல நூறு மடங்கு காலம் பிடிக்கும். இது கணக்குப் போட்டு வந்த எண், தகராறே இல்லை. ஆனால் எண் பெரிது என்பதாலேயே ஒரு புதிர் நல்ல புதிராகிவிடாது, இதைவிடப் பெரிய எண் கொண்ட நாலுக்கு நாலு, ஐந்துக்கு ஐந்து கியூப்கள் இருக்கின்றன, மூன்றுக்கு மூன்று அளவுக்கு அவை வீடுவீடாய்ப் போகவில்லை. எனக்குப் பிடித்தது இதற்கு நேர் எதிரான எண், 20. எவ்வளவு கலைந்திருந்தாலும் 20 திருப்புக்குள் சேர்த்துவிடலாம். இதை 2010-ல் தாமஸ் ரோகிக்கி, ஹெர்பர்ட் கோசியம்பா, மோர்லி டேவிட்சன், ஜான் டெத்ரிட்ஜ் என்ற நான்கு பேர், கூகல் கொடுத்த கணினி நேரத்தை வைத்து நிரூபித்தார்கள். ஒரே கணினி என்றால் 35 வருடம் ஓட வேண்டிய வேலை. எந்த 20 என்று மனிதக் கண்ணால் பார்த்ததும் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம், நம் பிள்ளைகள் வேகமுறையில் ஐம்பது அறுபது திருப்பு எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொரு எண் 12, அது வகுப்பில் அடிக்கடி வேலைக்கு வரும். ஒரு பெண் பிள்ளை கியூபைக் கொண்டுவந்து, எல்லாம் வருகிறது, கடைசி ஒரு மூலை மட்டும் நிறம் மாறி நிற்கிறது அங்கிள், திரும்பத் திரும்பச் செய்துவிட்டேன் என்று அழாத குறையாக நின்றாள். தம்பி அதைப் பிரித்து மாட்டினானா என்று கேட்டேன். ஆமாம், நேற்று. அவ்வளவுதான் விஷயம். கியூபைப் பிரித்துக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டினால், அது சேரக்கூடிய நிலையில் இருப்பதற்கு வாய்ப்பு பன்னிரண்டில் ஒன்று. மூலைகளின் திருகல் மொத்தத்தில் மூன்று விதமாக அமையலாம், ஓரங்களின் புரட்டல் இரண்டு விதம், இடமாற்றத்தின் ஒற்றை இரட்டைக் கணக்கு இரண்டு விதம். மூன்றையும் பெருக்கினால் 12. அதில் ஒன்றில் மட்டும்தான் முறையாகத் திருப்பிப் போய்ச் சேர முடியும். அந்த மூலையைக் கட்டைவிரலால் பிடித்து அப்படியே ஒரு திருகு திருகினேன், பிளாஸ்டிக் கிளிக்கென்றது, வேலை முடிந்தது. அவளுக்கு இது ஏமாற்று வேலையாகப் பட்டது. முந்தின நாள் தம்பி செய்ததுதான் ஏமாற்று, நான் அதைத் திருப்பி வைத்தேன் என்று சொல்லிப் புரிய வைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உங்கள் மகனும் என்றைக்காவது இப்படி மாட்டிக்கொண்டு நின்றால் திட்டாதீர்கள், முதலில் வீட்டில் யார் பிரித்தார்கள் என்று விசாரியுங்கள்.

சரி, செத்தது எப்படிப் பிழைத்தது? 1982-க்கு அடுத்த உலகப் போட்டி 2003-ல் டொரோண்டோவில்தான் நடந்தது. நடுவில் 21 வருடம். அந்த இடைவெளியை நிரப்பியது இணையம். செக் நாட்டிலிருந்து அமெரிக்கா போய்ப் பேராசிரியரான ஜெசிக்கா ஃபிரிட்ரிக், 82-ல் அந்த முதல் போட்டியில் கலந்துகொண்டவர், தன்னுடைய வேகமுறையை 1997-ல் இணையத்தில் எல்லோருக்கும் படிக்கக் கொடுத்தார். அடியில் சிலுவை, பிறகு இரண்டு அடுக்கு, கடைசி அடுக்கின் நிறம், கடைசி அடுக்கின் இடம் என்று நாலு கட்டம். கடைசி இரண்டு கட்டத்துக்கு 57-ம் 21-ம் ஆக 78 திருப்பு வரிசைகளை மனப்பாடம் செய்ய வேண்டும். முதல்முறையாக 'சேர்த்த பிறகு என்ன' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது: இன்னும் வேகமாகச் சேர். 2004-ல் ரான் வான் புரூகெம், டைசன் மாவ் என்ற இருவர் உலக கியூப் சங்கத்தைத் தொடங்கி விதிகளை ஒழுங்குபடுத்தினார்கள். இன்றைக்கு சிங்கப்பூரில் நடக்கும் போட்டியும் பிரேசிலில் நடக்கும் போட்டியும் ஒரே விதி, ஒரே பட்டியல். உங்கள் மகன் இங்கே ஒரு மண்டபத்தில் 40 விநாடியில் சேர்த்தாலும் அவன் பெயர் உலகச் சாம்பியன் பெயர் இருக்கும் அதே பட்டியலில், என்ன, வெகு கீழே, ஏறிவிடும். பிள்ளைகளுக்கு இது என்ன போதை என்பதை நான் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன்.

அடுத்தது சீனத் தொழிற்சாலைகள், என் தொழில் மனசுக்கு மிக நெருக்கமான பகுதி. 2010 வாக்கிலிருந்து குவாங்டோங் மாநிலத்துச் சிறு நிறுவனங்கள், பெரும்பாலும் தாங்களே கியூப் வெறியர்களான இளைஞர்கள், வேகத்துக்கென்றே கியூப் செய்ய ஆரம்பித்தார்கள். உள்முனைகளை வளைத்து இழைத்தார்கள், ஓர் அடுக்கு கோணலாக நின்றாலும் அடுத்தது வெட்டிக்கொண்டு திரும்பும். திருகின் இறுக்கத்தை நாமே மாற்றிக்கொள்ள வழி வைத்தார்கள். அப்புறம் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் குட்டிக் காந்தம், அடுக்கு தானே நேராகப் போய் நிற்க. இதெல்லாம் கேட்கச் சுலபம். ஏபிஎஸ் பிளாஸ்டிக் அச்சிலிருந்து வந்து ஆறும்போது ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவுக்குச் சுருங்கும், 20 மில்லிமீட்டர் துண்டுக்கு அது 0.1 மில்லிமீட்டர். அந்த அளவை முன்கூட்டியே கணக்கில் எடுத்து அச்சைக் குடைய வேண்டும், அதுவும் தடித்த இடம் ஒரு மாதிரி, மெல்லிய இடம் ஒரு மாதிரி சுருங்கும். இருபது துண்டும் ஒன்றோடொன்று உரசாமல், தொளதொளவென்றும் இல்லாமல் ஓட வேண்டும் என்றால் அது நல்ல அச்சுக்காரன் கை. பத்துப் பதினைந்து வெள்ளிக்கு இன்று கிடைக்கும் காந்த கியூபைப் பிரித்துப் பார்க்கும்போது, இந்த விலைக்கு எப்படி முடிகிறது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். பசார் மாலாம் இரவுச் சந்தையில் இரண்டு வெள்ளிக்கு விற்பதைப் பிரித்தால் எப்படி முடிகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

கவனியுங்கள், இந்த நிறுவனங்கள் எதுவும் ரூபிக் பெயரைப் பயன்படுத்த முடியாது. ஆனால் அமைப்பைச் செய்யவிடாமல் தடுக்க யாரிடமும் காப்புரிமை இல்லை. பெயருக்குச் சொந்தமான தரப்பு ஐரோப்பாவில் கியூபின் வடிவத்தையே வணிகச் சின்னமாகப் பிடித்து வைக்கப் பார்த்தது. 2016-ல் ஐரோப்பிய நீதிமன்றம், திரும்புவது என்பது தொழில்நுட்ப வேலை, அதைக் காக்க வேண்டியது காப்புரிமை, வணிகச் சின்னம் இல்லை என்ற அடிப்படையில் பேசியது, 2019-ல் அந்த வடிவச் சின்னத்தின் ரத்து நீதிமன்றத்தில் உறுதியானது. 1976-ல் நழுவிப்போன அந்தக் கெடுதான் 82-ல் போலிகளை வரவழைத்து மோகத்தைக் கொன்றது, அதே கெடுதான் முப்பது வருடம் கழித்து நூறு பேர் போட்டிபோட்டு கியூபை மேம்படுத்த வழிவிட்டது. இது என் கருத்து, எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒரே நிறுவனம் பூட்டி வைத்திருந்தால், கல் மாதிரி திரும்பும் அந்தப் பழைய கியூபைத்தான் இன்றும் விற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். மின் தாயின் 22.95 விநாடி எங்கே, 2023-ல் அமெரிக்காவின் மாக்ஸ் பார்க் எடுத்த 3.13 எங்கே, 2025-ல் சீனச் சிறுவன் ஒருவன் எடுத்த 3.05 எங்கே. விரல் மட்டும் அவ்வளவு மாறவில்லை, பொருள் மாறியிருக்கிறது. மொத்தம் எத்தனை விற்றது என்று கேட்டால் 50 கோடி வரை சொல்கிறார்கள். அது பெயருக்குச் சொந்தக்காரர்களின் கணக்கு, மற்றவர்கள் செய்தது அதில் சேராது, அதனால் அந்த எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கணக்குக்கு உதவுமா? கியூபுக்குள் உயர்கணிதம் இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் குலக் கோட்பாடு (group theory) என்ற கணிதப் பிரிவை நடத்துபவர்கள் இதை மேசையில் வைத்துத்தான் நடத்துகிறார்கள். ஆனால் கையில் வைத்திருப்பதாலேயே அது தலைக்குள் இறங்கிவிடாது. பெரும்பாலான பிள்ளைகள் வரிசைகளை விரலால் மனப்பாடம் செய்கிறார்கள், ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால் தோளைக் குலுக்குவார்கள். தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில் மதிப்பெண் ஏறும் என்று விளம்பரம் செய்யும் வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள், அப்படிச் சொல்ல எனக்குத் தெரிந்து உருப்படியான ஆதாரம் இல்லை. உட்கார்ந்த இடத்தில் பொறுமையாக இருக்கிறான், தப்பு வந்தால் திரும்ப ஆரம்பிக்கிறான் என்று பெற்றோர் என்னிடம் சொல்வதுண்டு. பொறுமை இருக்கும் பிள்ளைதான் கியூபில் நிலைக்கிறதா, கியூப் பொறுமையைக் கொடுக்கிறதா என்று பிரித்துச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை.

ஆனால் 'ஏன்' என்ற கேள்வியை நீங்கள் கிளப்பிவிடலாம், அதற்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சேர்த்த கியூபைக் கொடுத்து இதைச் செய்யச் சொல்லுங்கள்: வலப்பக்க அடுக்கை மேலே, மேல் அடுக்கின் முன்பக்கத்தை இடது பக்கம், வலப்பக்கத்தைக் கீழே, மேல் அடுக்கை மறுபடி வலது பக்கம். நாலும் கால் வட்டத் திருப்பு. இதை ஒரு தொகுதியாக வைத்துத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முதல் தொகுதியில் கலையும், இரண்டாவதில் இன்னும் கலையும், ஆறாவது முடியும்போது ஒன்றுமே நடக்காத மாதிரி முழுசாகச் சேர்ந்து நிற்கும். இது அவனுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும். அப்படியானால் மூன்றாவதில் நிறுத்தச் சொல்லுங்கள். ஓரத் துண்டு அத்தனையும் தன் இடத்தில் இருக்கும், நாலு மூலை மட்டும் ஜோடி ஜோடியாக இடம் மாறியிருக்கும். ஓரங்கள் மூன்று தடவையில் வீடு திரும்புகின்றன, மூலைகளுக்கு ஆறு தேவைப்படுகிறது, ஏன்? இந்தக் கேள்வியை அவன் ஒரு வாரம் தூக்கிக்கொண்டு திரிந்தால் கணக்கு தானே வரும். திரியவில்லை என்றாலும் குடி முழுகிவிடாது, அவன் வேகமாகத் திருப்பிச் சந்தோஷமாக இருக்கட்டும்.

அவன் தூக்கிப் போட்டுவிடுவானா என்பதற்கு என் அனுபவத்தில் ஒரு அடையாளம் இருக்கிறது. தனியாகவே விளையாடும் பிள்ளைகள் ஒரு நிமிடத்துக்குள் வந்ததும் மெல்ல விட்டுவிடுகிறார்கள், கூட ஆடும் நண்பன் கிடைத்த பிள்ளைகள் விடுவதில்லை. அதனால் முடிந்தால் ஒரு போட்டிக்கு அழைத்துப் போங்கள், தோற்றாலும் பரவாயில்லை. ஐந்து முறை சேர்க்கச் சொல்வார்கள், மிகச் சிறந்ததையும் மிக மோசமானதையும் தள்ளிவிட்டு நடு மூன்றின் சராசரியை எடுப்பார்கள், ஒவ்வொரு முறையும் கையில் எடுத்துப் பார்க்க 15 விநாடி உண்டு. முடித்து வைக்கும்போது கடைசி அடுக்கு 45 பாகைக்கு மேல் கோணலாக நின்றால் இரண்டு விநாடி தண்டம், புதிதாக வரும் பிள்ளைகள் பாதிப்பேர் இதில்தான் அழுகிறார்கள், முன்னாலேயே சொல்லி வையுங்கள். அப்புறம் மாமனார் வீட்டில் அந்த எண்பத்தொன்று கியூப் இன்னும் இருந்தால் தேங்காய் எண்ணெயோ கதவுக்கு அடிக்கும் ஸ்பிரேயோ போட்டுவிடாதீர்கள், பெட்ரோலியம் கலந்த அந்த ஸ்பிரே பிளாஸ்டிக்கை அரித்துவிடும். நடுத்துண்டின் மூடியை நெம்பி, திருகை அரைச் சுற்றுத் தளர்த்தி, கியூபுக்கென்றே விற்கும் சிலிக்கோன் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும், அது ஓடும்.